நாயை அவிழ்த்தவர்

கார்னார்வன் நீதிமன்றத்தில் பதினொரு நாள்
ஏழாவது நாற்காலி என்னுடையது.
பள்ளிக்கூடச் சமையலறையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன்.
எத்தனை சோப்பு போட்டும்
விரலில் வெங்காய வாசம்.

மெய்ரிக் ப்ரோதரோ. வயது அறுபத்தொன்று.
கோட்டு யாரிடமோ வாங்கியது,
தோள் அதற்குள் எங்கேயோ கிடந்தது.
தீ வைத்தாயா என்றார்கள்.
ஆமாம்.
உள்ளே ஆளிருப்பது தெரிந்தே வைத்தாயா என்றார்கள்.
இல்லை.
அந்த ஆமாமுக்கும் இல்லைக்கும் இடையில் இருந்தவை
சில வருஷங்கள்.
அவற்றை எண்ணிச் சொல்லத்தான்
எங்கள் பன்னிரண்டு பேரையும் உட்காரவைத்திருந்தார்கள்.

எரிந்தது தம்பி பெயருக்கு எழுதிப்போன வைக்கோல் கொட்டகை.
பரணில் டிடிர் தூங்கிக்கொண்டிருந்தான்,
குட்டி போடும் பருவத்துக்கு வந்த கூலிப்பையன், பத்தொன்பது வயது.
அன்று வீட்டில் சண்டை என்று
யாரிடமும் சொல்லாமல் ஏணியேறிவிட்டானாம்.
சாட்சிக்கூண்டில் இடது கையால் சத்தியம் செய்தான்.
வலது கையில் உறை.
உறைக்குள் இருப்பதன் படத்தை
எங்களுக்கு மட்டும் காட்டினார்கள்.

பிறகு அந்தச் சங்கிலி.
பிளாஸ்டிக் பையில், சான்றுப் பொருள் பதினான்கு.
தீக்குச்சி கிழிக்கும் முன்
மெய்ரிக் நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறார்.
சங்கிலியைச் சுருட்டி ஆணியில் மாட்டியும் இருக்கிறார்.

அரசுத் தரப்பு வக்கீல் சொன்னாள்:
நிதானமாகச் செய்தவர். எது உயிர் என்று தெரிந்தவர்.
எதிர்த்தரப்பு சொன்னது:
நாய்க்கே மனம் இரங்கியவர்
பையன் இருப்பது தெரிந்தால் விட்டிருப்பாரா?
ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள்.
பைக்குள் துரு உதிர்ந்தது.

நான்காம் நாள் அவர் கூண்டில் ஏறினார்.
வெல்ஷில் பேசினார், அது அவர் உரிமை.
எங்கள் காதில் மாட்டிய கருவியில்
ஒரு மூச்சு தாமதமாக ஆங்கிலம் வந்தது.
பரணில் ஆளிருக்கலாம் என்று தோன்றவில்லையா?
அவர் கீழே பார்த்தார். ஒரு சொல் சொன்னார்.
என் வீட்டில் அதற்கு அர்த்தம்
"யோசிக்கவில்லை."
கருவி சொன்னது
"தெரியாது."

என் பேனா நின்றுவிட்டது.
மூன்றாம் நாற்காலிக்காரரின் பேனாவும்.
அவர் பாங்கோரில் பஸ் ஓட்டுகிறவர்,
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர் சொன்னதே சாட்சியம்,
உங்களில் அந்த மொழி அறிந்தவர்கள்
சொந்தக் காதை நம்பக்கூடாது என்று
நீதிபதி முதல் நாளே சொல்லியிருந்தார்.
அன்று எல்லோரும் தலையாட்டினோம்.
தலையாட்டுவதற்கு என்ன செலவு.

அறைக்குள் போனோம்.
அங்கே பேசியதை வெளியே சொன்னால் எனக்கே சிறை.
பிஸ்கட் தட்டு இருந்தது என்று சொல்லலாம்.
ஜன்னலுக்கு வெளியே கோட்டை மதிலில்
மழை பெய்தது என்று சொல்லலாம்.
இரண்டரை நாள் ஆனது.
ஒருத்தி அழுதாள்.
அது நானா என்று சொல்லமாட்டேன்.

குற்றவாளி என்று தலைவர் வாசித்தபோது
மெய்ரிக் எங்களைப் பார்க்கவில்லை.
கோட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்,
திருப்பிக் கொடுக்கவேண்டிய கோட்டு அல்லவா.

தண்டனை நாளன்று போகவேண்டிய கட்டாயமில்லை.
போனேன். மேலே பொதுமக்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன்.
ஒன்பது வருஷம்.
அதற்குக் காதில் கருவி மாட்டும் வரை
அவர் காத்திருக்கவில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் டிடிர்
பல்லால் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.
காலடியில் கறுப்பு வெள்ளை நாய் ஒன்று.
அதுவா என்று கேட்கலாம் என்று நினைத்தேன்.
பஸ் வந்துவிட்டது.

இப்போது காலை ஆறரைக்குப் பெரிய அடுப்பைப் பற்றவைக்கும் முன்
சாமான் அறைக் கதவைத் திறந்து
மேல் தட்டைப் பார்க்கிறேன்.
மாவு மூட்டை, எண்ணெய் டின்.
"யாராவது இருக்கிறீர்களா?"
பாத்திரம் கழுவும் நெஸ்ட்டா சிரிக்கிறாள்.
சிரிக்கட்டும்.
இன்னொரு தரம் கேட்டுவிட்டுத்தான்
குழாயைத் திருகுகிறேன்.